மேற்கோள் அடைவில் என் அப்பா

என் வேலை ஒப்பந்தம் முடிய ஐந்து வாரம் இருந்தபோதுதான் நான் ஒருத்தி இல்லை, நான்கு பேர் என்று தெரியவந்தது.

நான் பல்கலைக்கழகம் ஒன்றில் கொசு ஆராய்ச்சி செய்கிறவள். கொசுவுக்கு ஆயுள் சில வாரம், எனக்கு மூன்று வருடம். மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஒரு குழு கூடி, இவளை இன்னும் வைத்திருக்கலாமா என்று முடிவு செய்யும். அந்த வருடம் எனக்கு மூன்றாவது முறை. எங்கள் துறைத் தலைவி ஒரு சீனப் பெண்மணி, பேச்சில் ஒரு சொல்லைக் கூட வீணாக்காதவர். "மாதக் கடைசிக்குள் படிவம் வரணும். மேற்கோள் பக்கத்தையும் சேர்த்து அனுப்பு. குழு முதலில் பார்ப்பது அதைத்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மேற்கோள் அடைவு என்றால் என்ன என்று எங்கள் வீட்டில் பலமுறை விளக்கித் தோற்றிருக்கிறேன். கல்யாணப் பத்திரிகையை வைத்துச் சொன்னபோதுதான் அம்மாவுக்குப் புரிந்தது. ஒவ்வொரு ஆராய்ச்சிக் கட்டுரையின் கடைசியிலும், இன்னின்னார் எழுதியதைப் படித்துத்தான் இதை எழுதினேன் என்று ஒரு பட்டியல் இருக்கும். பத்திரிகையில் பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன் பெயர்களைப் போடுவதைப் போல. சில பெயர்கள் பாசத்தில் வரும். சில பெயர்கள், போடாவிட்டால் சண்டை வரும் என்பதற்காக வரும். அடைவு செய்வது என்னவென்றால், ஊரில் அச்சான எல்லாப் பத்திரிகைகளையும் சேர்த்து வைத்துக்கொண்டு பட்டியலைத் தலைகீழாகத் திருப்புவது. இந்தத் தாய்மாமன் பெயர் எந்தெந்தப் பத்திரிகையில் வந்திருக்கிறது என்று ஒரு நொடியில் சொல்லிவிடும். "அப்ப எந்த மாமா பெரிய ஆளுன்னும் தெரிஞ்சுரும்" என்றார் அம்மா. அதுதான் விஷயம்.

நன்றி கெட்டுப் பேசக்கூடாது. ஆராய்ச்சி தொடங்கிய காலத்தில் அந்த அடைவுதான் எனக்குக் கண் திறந்துவிட்டது. நடைபாதைத் தொட்டிகளில் தேங்கும் தண்ணீரைப் பற்றி ஒரு பழைய கட்டுரை கையில் கிடைத்தது. அதன் பட்டியல் என்னை இன்னும் பழைய கட்டுரைகளுக்குத்தான் கூட்டிப் போனது. அடைவில் அதே கட்டுரையைத் தேடி, இதை யார் மேற்கோள் காட்டினார்கள் என்று தட்டியபோது, பின்னால் வந்தவர்கள் எல்லாரும் வரிசையாக வந்து நின்றார்கள். நான் செய்யப் போவதாக நினைத்திருந்த வேலையில் பாதியை வேறொரு வெப்ப நாட்டில் ஒரு குழு செய்து முடித்திருந்தது. அன்று மட்டும் அதைத் தேடாமல் விட்டிருந்தால், இரண்டு வருடம் பாடுபட்டு, ஏற்கெனவே கண்டுபிடித்த சக்கரத்தை நானும் கண்டுபிடித்திருப்பேன்.

இப்போது படிவத்துக்காக அதே அடைவில் என்னைத் தேடினேன். என் கட்டுரைகளில் கால்வாசிதான் வந்தது. மிச்சம் எங்கே என்று பதறிப் போய், நூலகத்தில் இதற்கென்றே இருக்கும் அலுவலரிடம் ஓடினேன். மலாய்க்காரப் பெண், என் வயதுதான் இருக்கும். திரையைப் பார்த்துவிட்டு, "உன் பெயர்தான் பிரச்சினை" என்றார்.

நம் பிரச்சினைதான் அது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. என் பெயர் எனக்கு, அப்பா பெயர் அப்பாவுக்கு. என் அடையாள அட்டையில் என் பெயர், இன்னாருடைய மகள் என்பதைக் குறிக்கும் இரண்டு ஆங்கில எழுத்து, அப்பா பெயர் என்று நீளமாக இருக்கும். ஆராய்ச்சி இதழ்களோ, குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. ஒரு சமயம் அந்தக் கட்டத்தில் என் பெயரையே போட்டேன். இன்னொரு சமயம் இரண்டு பெயரையும் சேர்த்துப் போட்டேன். ஒரு முறை அட்டையில் இருப்பதை அப்படியே போட்டேன். 'மகள்' என்பதற்கான அந்த இரண்டு எழுத்தையும் அடைவு இனிஷியல் என்று எடுத்துக்கொண்டது. ஆக மூன்று பேர்.

நான்காவது ஆள்தான் வினை. நான் எழுதியதில் மிகப் பிரபலமான கட்டுரை ஒரு கறாரான இதழில் வந்தது. அது குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா பெயரை வாங்கிக்கொண்டு, என் பெயரை ஒற்றை எழுத்தாகச் சுருக்கியது. என் பெயர் அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர். அதைப் பெண்பெயராக மாற்றி எனக்கு வைத்தார்கள், அவ்வளவுதான். ஆகவே என் முதல் எழுத்தும் அப்பாவின் இனிஷியலும் ஒன்று. அந்தக் கட்டுரையையும் அதற்குப் பிறகு அதே இதழில் வந்தவற்றையும் எழுதியவராக அடைவு காட்டிய பெயர், எழுத்துப் பிசகாமல், முப்பது வருடம் பஸ் ஓட்டிய என் அப்பாவின் சட்டைப் பையின் மேல் குத்தியிருந்த பெயர்.

அந்தப் பிரபலக் கட்டுரை என்ன என்று சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். அடுக்குமாடி புளோக் நடைபாதைகளில் தண்ணீர் ஊற்றிய பக்கெட்டுகளை வைத்து, வாரா வாரம் அதில் எத்தனை கொசுப்புழு என்று எண்ணினோம். சீனப் புத்தாண்டு சமயத்தில் எண்ணிக்கை சட்டென்று ஏறியது. புத்தாண்டுக்கு வாசலில் வைக்கும் சின்ன ஆரஞ்சுச் செடித் தொட்டிகள்தான் காரணம் என்று எழுதினேன். பாவம், அழகான செடி. ஆனால் கட்டுரை பிய்த்துக்கொண்டு போனது. என்னைத் தெரியாதவர்களுக்கும் அந்த ஆரஞ்சுச் செடியைத் தெரியும்.

நூலகப் பெண் முதல் மூன்று பேரையும் அரை மணி நேரத்தில் ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்தார். நான்காவதில் கை வைத்ததும் நின்றுவிட்டார். "இந்தப் பக்கத்தை யாரோ தன்னுடையது என்று உறுதி செய்திருக்கிறார். அவர் விட்டுக் கொடுத்தால்தான் உனக்கு வரும்."

"யார் அவன்?"

"சொல்ல மாட்டார்கள். நீ புகார் எழுது, அவர்கள் அவருக்கு எழுதுவார்கள்."

எழுதினேன். கொதித்துப் போய் எழுதினேன். இந்த நபர் ஒரு மோசடிக்காரர், என் உழைப்பைத் திருடியவர், வாழ்நாளில் ஒரு கொசுப்புழுவையாவது கண்ணால் பார்த்திருப்பாரா என்று சந்தேகிக்கிறேன் என்றெல்லாம் இரண்டு பக்கம் எழுதினேன். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. பக்கத்தின் உரிமையாளரைத் தொடர்புகொண்டோம், அவர் உங்கள் கோரிக்கையை ஏற்க மறுத்துவிட்டார், மேலும் ஆவணங்கள் இருந்தால் அனுப்பவும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆங் மோ கியோவில் அப்பா வீட்டில் சாப்பாடு. மீன் குழம்பைப் பிசைந்தபடியே கொட்டித் தீர்த்தேன். மூன்று வாரத்தில் படிவம் போக வேண்டும், என் பெரிய கட்டுரை இன்னொருவன் கையில் இருக்கிறது, அது இல்லாவிட்டால் என் பக்கம் மொட்டையாக இருக்கும், குழு என்னை அனுப்பிவிட்டுப் புதிதாகப் படித்து வந்த யாரையாவது எடுத்துக்கொள்ளும் என்றேன்.

அப்பாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. "யாரு லா அவன்? அடுத்தவ எழுதினத தன்னுதுன்னு சொல்றானே, சோறுதானே திங்கிறான்? போலீஸ்ல ரிப்போர்ட் பண்ணு."

"போலீஸ் இதுக்கெல்லாம் வருமாப்பா?"

"ஏன் வராது? திருட்டுன்னா திருட்டுதான். நான் வர்றேன் ஒன்கூட."

அவர் அப்படி எனக்காகக் கொதித்தது மனசுக்கு இதமாக இருந்தது. இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை மீன் வாங்கத் தேக்கா சந்தைக்குப் போனேன். நான் இருப்பது புக்கிட் பாஞ்சாங்கில். அங்கிருந்து சந்தை இருக்கும் லிட்டில் இந்தியாவுக்கு ஒரே ரயில், மாற வேண்டாம். அதுவும் போக, அப்பா சனிக்கிழமை காலை தேக்கா சாப்பாட்டுக் கடைகளுக்கு நடுவே ஒரு மேசையில் பழைய நண்பர்களோடு உட்கார்ந்திருப்பார் என்று தெரியும். மீனை வெட்டி வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பியபோது, அப்பாவின் நெடுநாள் நண்பர், துணிக்கடை வைத்திருக்கும் பாய், தட்டில் தே தாரிக் தேநீரோடு எதிரே வந்தார்.

"வாங்கம்மா. புரொபசரத் தேடித்தானே வந்தீங்க? அங்கதான் இருக்காரு, படிச்சுக்கிட்டு."

"எந்தப் புரொபசர்?"

"ஒங்க அப்பாதான். வேற யாரு?"

அப்பா மேசையில் பாலும் சர்க்கரையும் போடாத தே ஓ தேநீரும், பஸ் ஓட்டிய காலத்துப் பிளாஸ்டிக் கோப்பும், சிவப்புப் பேனாவும் இருந்தன. என்னைக் கண்டதும் பூரித்துப் போனார். "வா, வா. ஒனக்குக் காட்டணும்னுதான் இருந்தேன்" என்று கோப்பைத் திறந்தார். உள்ளே அடைவு அனுப்பிய மின்னஞ்சல்கள், நூலகத்தில் அச்செடுத்து, தேதி வாரியாக அடுக்கியவை. ஒவ்வொன்றும் அப்பாவின் பெயரைச் சொல்லி, வணக்கம் சொல்லி, உங்கள் கட்டுரையை இன்னார் மேற்கோள் காட்டியிருக்கிறார் என்று தொடங்கியது.

மீன் பை கையிலிருந்து நழுவி மேசையில் விழுந்தது.

நடந்தது இதுதான். சமூக மன்றத்தில் மூத்தோருக்கான கணினி வகுப்பு. உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள் என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். மற்றவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. அப்பாவுக்கு மட்டும் கொசுவும் ஆரஞ்சுச் செடியும் வந்து, வகுப்பே கை தட்டியிருக்கிறது. பக்கத்தின் ஓரத்தில் ஒரு பொத்தான், 'இது நீங்கள்தானா?' என்று கேட்டது. அமுக்கிவிட்டார். பதவி என்ற கட்டத்தில் 'கேப்டன்' என்று போட்டிருந்தார். இந்த ஊரில் பஸ் ஓட்டுநருக்கு அதுதான் பதவிப் பெயர்.

"அப்பா, அது நீங்க இல்லையே!"

"எம்பேரு. எங்கப்பா இனிஷியல். நீதானான்னு கேக்கறான், இல்லன்னு எப்படிச் சொல்றது?"

"நீங்க கொசு ஆராய்ச்சி பண்ணினீங்களா?"

"அத அவன் கேக்கலையே."

பாய் தேநீரை வைத்துவிட்டு, இதைத் தவறவிடக் கூடாது என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"போன வாரம் போலீஸுக்குப் போகச் சொன்னீங்களேப்பா!"

"அது திருடனுக்குச் சொன்னது. நான் என்ன திருடினேன்? ஒன் கட்டுரைய யாராச்சும் சொன்னா எனக்குத் தகவல் வருது. நீ எங்க என்கிட்ட வந்து சொல்ற?"

"அவங்க ஒங்களுக்கு மெயில் போட்டாங்களே!"

"போட்டாங்க. எவளோ ஒருத்தி இதெல்லாம் தன்னுதுன்னு சொல்றா, என்னென்னமோ மோசமா எழுதியிருக்கா, ஒங்க பதில் என்னன்னு கேட்டாங்க. விட்டுக் கொடுக்க முடியாதுன்னு எழுதிட்டேன்." கொஞ்சம் தணிந்த குரலில் சேர்த்துக்கொண்டார், "ஒனக்காகத்தான்."

பாய் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. என்னிடமிருந்து என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார் மனிதர். கோப்பின் பின்பகுதியில் இன்னொரு கட்டு இருந்தது. பெரும்பேராசிரியரே, எங்கள் மாநாட்டுக்கு வந்து தலைமை உரை ஆற்றுங்கள், எங்கள் இதழுக்குக் கட்டுரை தாருங்கள் என்று ஊர் பேர் தெரியாத ஆட்கள் எழுதுவார்களே, அந்த வகை. எனக்கு வந்தால் படிக்காமலே அழித்துவிடுவேன். அப்பா ஒவ்வொருவருக்கும் மரியாதையாகப் பதில் எழுதியிருந்தார், முழங்கால் வலியினால் வர இயலவில்லை என்று.

"சரிப்பா. இப்பவே போன எடுங்க. இது நான் இல்லன்னு ஒரு பொத்தான் இருக்கும். அமுக்குங்க."

"அமுக்கறேன். ஆனா ஒரு சண்ட பாக்கி இருக்கு. அத முடிச்சுட்டுத் தர்றேன்" என்று ஒரு கட்டுரையை எடுத்து என் முன்னால் போட்டார். சிவப்புக் கோடுகளாக இருந்தது. "எம்பேரப் போட்டு, வருஷத்தப் போட்டு, தப்புன்னு எழுதியிருக்கான். அகராதிய வெச்சு நாலு தடவ படிச்சேன். அது மட்டுமில்ல, அவனப் பாத்து இன்னும் ஏழெட்டுப் பேரு அதையே எழுதியிருக்கான். முப்பது வருஷம் ஓட்டினேன், ஒரு பாசஞ்சர் என்னப் பத்தி ஒரு கம்ப்ளெயின்ட் எழுதினது இல்ல. இவன் யாரு எம்பேரச் சொல்றதுக்கு?"

ஆராய்ச்சி உலகின் வழக்கம் அது. குடும்பப் பெயரைச் சொல்லித்தான் புகழ்வார்கள், அந்தப் பெயரைச் சொல்லித்தான் திட்டுவார்கள். ஒரு வருடமாக என் ஆரஞ்சுக் கட்டுரையின் மேற்கோள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவதைப் பார்த்து நான் மனசுக்குள் கூத்தாடிக்கொண்டிருந்தேன். யார், எதற்காக மேற்கோள் காட்டுகிறார்கள் என்று ஒருமுறை கூடத் திறந்து பார்க்கவில்லை. அடைவு எண்ணத்தான் செய்யும். பாராட்டினாலும் ஒன்று, காறித் துப்பினாலும் ஒன்று. பத்திரிகையில் பெயர் வந்திருக்கிறதா என்றுதான் அதற்குத் தெரியும், எந்த இடத்தில் வந்திருக்கிறது என்று நாம்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை. சர்க்கரை போடாத தே ஓவும் அகராதியுமாக உட்கார்ந்து பார்த்தவர் அப்பா.

மீன் வாடைக்கு நடுவே படித்தேன். எழுதியவர் என் கட்டுரையின் பின்னிணைப்பில் இருந்த தேதிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்திருந்தார். சீனப் புத்தாண்டு வாரத்தில் பக்கெட் எடுக்கும் ஆட்கள் விடுமுறையில் போய்விட்டார்கள். அந்தப் பக்கெட்டுகள் ஏழு நாள் இல்லை, பத்து நாள் நின்றிருந்தன. பத்து நாள் புழுவை ஒரு வாரப் புழு என்று கணக்கில் சேர்த்திருந்தேன். எண்ணிக்கை ஏறாமல் என்ன செய்யும்? ஆரஞ்சுச் செடி ஒரு பாவமும் அறியாதது.

"என்ன சொல்ற? புளுகுறான்தானே?"

எனக்கு வந்தது வெட்கம்தான், வேறு பெயர் வைக்க ஒன்றுமில்லை. "இல்லப்பா. அவரு சொல்றது சரி. நாந்தான் இடிச்சுட்டேன்."

அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. சிவப்புப் பேனாவை மூடினார். பிறகு, பஸ் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பதைக் கேட்டார். "யாருக்காச்சும் அடியா?"

"அதெல்லாம் இல்லப்பா. கட்டுரைதானே."

"எதிர்வீட்டு ஆன்ட்டி" என்றார் அப்பா.

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். எதிர்வீட்டில் தனியாக இருக்கும் சீன ஆன்ட்டி, வருடா வருடம் வாசலில் இரண்டு ஆரஞ்சுச் செடி வைப்பவர். அப்பா தன் பக்கத்தைக் கைப்பேசியில் காட்டி, ஆராய்ச்சி இப்படிச் சொல்லுது, வைக்காதீங்க என்று சொல்லியிருக்கிறார். ஆன்ட்டியும் பேராசிரியர் சொல்கிறாரே என்று இரண்டு புத்தாண்டாக வைக்கவில்லை.

"டிப்போவுல ஒரு வழக்கம் உண்டு" என்றார் அப்பா. எனக்குத் தெரியும். வண்டி எங்காவது உரசினால், அன்றைய வேலை முடிவதற்குள் ஓட்டியவரே ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். எந்த இடம், என்ன நேரம், என்ன செய்தேன், என்ன செய்திருக்க வேண்டும், யாருக்குச் சேதம். யாரோ புகார் கொடுத்துத் தெரியவந்தால் அது வேறு கதை. அப்பா முப்பது வருடத்தில் இரண்டே இரண்டு எழுதியவர். இரண்டையும் பெருமையாகச் சொல்வார்.

"எழுதறேன்ப்பா. மாசக் கடைசி போகட்டும். குழு முடிவு சொன்ன பெறகு எழுதறேன். இப்ப எழுதினா என் பெரிய கட்டுரையே தப்புன்னு நானே போய்ச் சொன்ன மாதிரி ஆகும். வேல போயிரும்."

"ரிப்போர்ட் எழுதாம வண்டிய டிப்போக்குள்ள விட மாட்டாங்க."

"இது டிப்போ இல்ல!"

"எம்பேர்ல இடிச்சுட்டு, எப்ப எழுதறதுன்னு நீ சொல்லுவியா?"

சத்தம் போட்டுக்கொண்டோம். பாய் இருவரையும் சமாதானப்படுத்தப் பார்த்து, கடைசியில் மீன் கெட்டுப் போகும் என்று என்னை அனுப்பி வைத்தார். ரயிலில் வழியெல்லாம் அப்பாவைத் திட்டிக்கொண்டே போனேன். பஸ்ஸையும் அறிவியலையும் ஒன்றாக்குகிறார், விவரம் தெரியாத மனிதர் என்றெல்லாம். புக்கிட் பாஞ்சாங் வருவதற்குள் திட்டு தீர்ந்துவிட்டது. குழு எண்ணைத்தான் பார்க்கும், திறந்து பார்க்காது. திறந்து பார்க்காது என்பதை நம்பித்தான் நான் காத்திருக்கச் சொல்கிறேன். என் எண் பெரியதாக இருப்பதே நான் தப்பு செய்ததால்தான். அதைக் காட்டி வேலையை வாங்கிக்கொண்டு, பிறகு நிதானமாக உண்மை பேசலாம் என்ற திட்டத்தை என் வாயாலேயே சொல்லிப் பார்த்தேன். கேட்க நன்றாக இல்லை.

திருத்தக் குறிப்பை எழுத நான்கு நாள் பிடித்தது. முதல் மூன்று நாள், 'சிறு முரண்பாடு', 'மறுபரிசீலனைக்கு உரியது' என்று சொற்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன். நான்காம் நாள் டிப்போ தாளின் கேள்விகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டேன். ஒரே பக்கத்தில் முடிந்துவிட்டது. இதழுக்கு அனுப்பினேன். படிவத்திலும் ஒரு வரி சேர்த்தேன்: என் கட்டுரைகளில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்டது தவறானது, திருத்தம் அனுப்பியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆங் மோ கியோவுக்குப் போய் அந்தப் பக்கத்தை அப்பாவின் முன்னால் வைத்தேன். அகராதி இல்லாமலே படித்தார். கைப்பேசியை எடுத்து அடைவைத் திறந்து, அந்தப் பொத்தானைத் தேடி அமுக்கினார். அது சும்மா விடவில்லை. 'இந்தக் கட்டுரைகளில் எதுவும் உங்களுடையது அல்ல என்று உறுதி செய்கிறீர்களா?' என்று கேட்டது.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஒண்ணு கூடவா?"

"ஆமாப்பா. அப்படித்தான் கேக்கும்."

விரல் கொஞ்ச நேரம் திரைக்கு மேலேயே நின்றது. பிறகு அமுக்கினார். உங்கள் கட்டுரைகளின் எண்ணிக்கை பூஜ்யம் என்று வந்தது. அப்பா எழுந்து போய், அம்மாவிடம் தண்ணீர் கேட்டார்.

மறுநாள் நூலகப் பெண் நான்கு பேரையும் ஒன்றாக்கினார். "எந்தப் பெயரை முதன்மைப் பெயராக வைக்கட்டும்? இனி எல்லாம் இதில்தான் வரும்" என்றார். என் சொந்தப் பெயர், இரட்டைப் பெயர், 'மகள்' சேர்ந்த பெயர், எல்லாம் வரிசையாக நின்றன. நான்காவதைத் தொட்டுக் காட்டினேன். அது உன் அப்பா பெயர் மாதிரி இருக்கிறதே என்றார். நான்கு பேரில் ஒழுங்காக நடந்துகொண்டது அவர் ஒருவர்தான் என்றேன். தகவல் அனுப்ப இரண்டு மின்னஞ்சல் முகவரி கொடுக்கலாமா என்றும் கேட்டேன். கொடுக்கலாம் என்றார்.

குழுவில் ஐந்து பேர். ஒருவர் என் படிவத்தைப் பார்த்துக்கொண்டே, "உன்னுடைய சிறந்த கட்டுரையே தவறு என்கிறாயா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ஒரு மாதம் கழித்துச் சொல்லியிருக்கலாமே?" அதற்கு டிப்போ கதையை எப்படிச் சொல்வது? எங்கள் வீட்டில் விடமாட்டார்கள் என்றேன். துறைத் தலைவி தலையைக் குனிந்துகொண்டார். சிரித்தாரா, தலையில் அடித்துக்கொண்டாரா, இன்றுவரை தெரியாது. மூன்று வருடம் கேட்டேன், இரண்டு வருடம் கொடுத்தார்கள். கொசுவோடு ஒப்பிட்டால் அது ஏகப்பட்ட காலம்.

அடுத்து வந்த சீனப் புத்தாண்டுக்கு முன்னால் அப்பா இரண்டு ஆரஞ்சுச் செடித் தொட்டி வாங்கி, லிஃப்டில் ஏற்றிக் கொண்டுபோய் எதிர்வீட்டு வாசலில் வைத்தார். ஆன்ட்டி கதவைத் திறந்து, புரொபசர் கொசு வரும் என்று சொன்னாரே என்று கேட்டாராம். புரொபசர் இடித்துவிட்டார், ஆன்ட்டிக்குத்தான் சேதம் என்று அப்பா தனக்குத் தெரிந்த மலாயில் விளக்கினாராம். ஆன்ட்டி உள்ளே போய் ஒரு டப்பா அன்னாசிப் பழப் பலகாரம் கொண்டுவந்து கொடுத்தார். சர்க்கரை நோய்க்காரர் வாசலிலேயே பாதியைத் தின்றுவிட்டு வீட்டுக்குள் வந்திருக்கிறார்.

திருத்தக் குறிப்பு வெளியாகிப் பல மாதம் அதை யாரும் சீண்டவில்லை. ஒரு சனிக்கிழமை தேக்காவில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது அப்பாவிடமிருந்து போன். உடனே வா என்றார். மேசைக்குப் போனால் கோப்பு திறந்து கிடந்தது, புதிய அச்சுத்தாள், அதே சிவப்புப் பேனா. நான் வருவதற்குள் பாய்க்கு இரண்டு முறை படித்துக் காட்டிவிட்டாராம். அன்று எங்களைத் தப்பு என்று எழுதிய அதே ஆள் இன்னொரு கட்டுரை எழுதியிருந்தார். அதில் ஒரு வரி, அப்பாவின் பெயரைப் போட்டு, திருத்தம் வெளியான வருடத்தைப் போட்டு, 'பின்னர் தாமே முன்வந்து திருத்திக்கொண்டார்' என்றிருந்தது. அந்த வரியின் கீழ் மட்டும் இரண்டு கோடு.

"பாத்தியா? தாமேன்னு போட்டிருக்கான்" என்றார் அப்பா. "யாரும் சொல்லி இல்ல. தாமே."

சொன்னது நீங்கதானேப்பா என்று சொல்ல வாயெடுத்தேன். தாளை இன்னொரு முறை பார்த்தேன். அங்கே அச்சாகியிருந்தது அவருடைய பெயர். அந்த ஆள் எழுதியிருந்ததில் ஒரு பிழையும் இல்லை.